எங்களை நிற்க வைத்துப் படம் எடுங்கள்: எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று ஆரம்பித்தால் அது பொய். கொஞ்சம் குறை சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் இரண்டு கால்களையும் நேராக்கியவரும் உங்களில் ஒருவர்தான். அதனால் நன்றியும் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது கால் 24 டிகிரி வளைந்திருந்தது, இடது கால் 19. பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றால் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே என் இரண்டு முஷ்டிகளும் தாராளமாக நுழையும். பள்ளியில் என் பெயரே ‘வில்லு’. செருப்பு வாங்கிய மூன்றாவது மாதத்தில் குதிகாலின் வெளி ஓரம் சரிவாகத் தேய்ந்துவிடும், தரையில் கழற்றி வைத்தால் அதுவே ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். 34 வயதில் வலது காலையும் அடுத்த வருடம் இடது காலையும் திருத்திக்கொண்டேன். அதற்கு முன்னால் 15 வருடம், ஐந்தாறு மருத்துவர்களின் அறைகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பெரும்பாலும் உட்கார்ந்துதான். அந்த ‘உட்கார்ந்து’ என்பதில்தான் என் முதல் புகார் இருக்கிறது.

முழங்கால் வலி என்று சொன்னவுடன் எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்புவீர்கள். அங்கே மேசைமேல் படுக்க வைத்து, முழங்காலை மட்டும் ஒரு சாண் அளவுக்கு முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுப்பார்கள். அந்தப் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் தேய்மானம் ஆரம்பிக்குது” என்பீர்கள். படுத்திருக்கும் காலில் உடம்பின் பாரம் இல்லை. ஒரு சாண் படத்தில் இடுப்பும் இல்லை, கணுக்காலும் இல்லை. வளைந்த மரத்தின் நடுவில் ஒரு முழத்தை மட்டும் பார்த்தால் அது நேராகத்தான் தெரியும். 15 வருடங்களில் என் கால்களை முழுசாக யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டச் சொன்னவர்களே இரண்டு பேர்தான்.

கடைசியாக நான் போன அறையில் முதல் வேலையாக என்னை நடக்கச் சொன்னார்கள். நாற்காலியில் உட்காரப் போனேன். “உட்காராதீங்க. வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வாங்க” என்றார் அந்த மருத்துவர். மூன்று தடவை நடக்க வைத்துவிட்டு, “அடி வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் உங்க முட்டி வெளிப்பக்கமா ஒரு துள்ளு துள்ளுது, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. என் நடை அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எலும்பின் கோணல் முழங்காலின் வெளிப்பக்கத் தசைநாரை வருடக்கணக்கில் இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டதன் அடையாளம் அந்தத் துள்ளல் என்று அவர் விளக்கினார். படுத்திருக்கிற எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்?

அப்புறம் நீளமான படம். இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால்வரை, நின்ற நிலையில், இரண்டு கால்களும் ஒரே படத்தில். முதல் தடவை எடுத்ததை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பாதங்கள் நேராக முன்னே பார்க்கும்படி என்னை நிற்க வைத்திருந்தார் படம் எடுத்தவர். அது தப்பு, முன்னே பார்க்க வேண்டியது முழங்கால் சில்லு. வளைந்த கால் பல பேருக்குச் சேர்த்தே முறுக்கியும் இருக்கும். பாதத்தை நேராக்கினால் முட்டி திரும்பிக்கொள்ளும், அப்போது படத்தில் வளைவு கூடவோ குறையவோ தெரியும். சில்லை முன்னே திருப்பி நின்றபோது என் பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெட்கமாக இருந்தது. “இதுதான் நிஜம், இப்படியே நில்லுங்க” என்றார்.

திரையில் அவர் ஒரு கோடு இழுத்தார். தொடை எலும்புத் தலையின் நடுவிலிருந்து கணுக்கால் மூட்டின் நடுவுக்கு. உடம்பின் பாரம் இறங்கும் வழி அது. சாதாரணக் காலில் அந்தக் கோடு முழங்காலின் நடுவையொட்டி, ஒரு சென்டிமீட்டருக்குள் உட்பக்கமாக விழும். எனக்கு அது முழங்காலைத் தொடவே இல்லை. மூட்டின் உள் விளிம்பையும் தாண்டி, கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் தள்ளி, வெற்று இடத்தில் இறங்கியது. இன்னும் இரண்டு கோணங்களை அளந்தார். தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் மூட்டோடு சேரும் கோணம் இரண்டுமே 85க்கும் 90க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். என் தொடை எலும்பு 88, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்க்கால் எலும்பு வலதில் 63, இடதில் 68. கோணல் முழுவதும் முழங்காலுக்கு நாலு விரல் கீழே குடியிருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. 15 வருடமாக யாரும் சொல்லாத பதில் அந்தத் திரையில் இருந்தது. நான் அழவில்லை, கோபம்தான் வந்தது.

‘இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம்’ என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அதையும் பேசிவிடலாம். அழகும்தான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பாதங்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நீங்கள் வாசல் கதவுபோலப் பயன்படுத்துகிறீர்கள். சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. நேரான காலிலேயே நடக்கும்போது மூட்டின் உட்பாதிதான் பாதிக்கு மேல் பாரத்தைச் சுமக்கிறது. கால் வளைய வளைய வெளிப்பாதி சும்மா இருக்க, உட்பாதியின் குருத்தெலும்பு அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2001இல் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தால், 18 மாதத்துக்குள் உட்பக்கத் தேய்மானம் அடுத்த படிக்குப் போகும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று அதில் கண்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் வளைவு என்னுடையதை விடப் பல பங்கு குறைவு. சில டிகிரிக்கே அப்படி என்றால் 24 டிகிரிக்கு? இதை அழகுப் பிரச்சினை என்று சொல்வது, வீட்டின் அஸ்திவாரம் இறங்கியதைச் சுவரில் விரிசல் என்று சொல்வதுபோல இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. லேசான வளைவோடு வலியும் இல்லாமல், படத்தில் கோடு மூட்டின் நடுவை ஒட்டியே இறங்கும் ஆரோக்கியமான ஆட்களை, நேரான கால் வேண்டும் என்ற ஆசையை மட்டும் வைத்து மேசைமேல் ஏற்றும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பேச்சில் அது ஏதோ பல் கட்டும் வேலைபோல வருகிறது. எலும்பை அறுப்பது அத்தனை சுலபமான சமாச்சாரம் இல்லை. வேண்டியவனைத் திருப்பி அனுப்புவதும் வேண்டாதவனை இழுத்துப் போடுவதும், அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்காததால் வரும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள் என்று எனக்குப் படுகிறது.

‘வளர்ச்சி முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்றும் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை. குழந்தைகளுக்கு எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும்வரை காலின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன பிளேட்டையும் இரண்டு ஸ்க்ரூவையும் வைத்து அந்தப் பக்கத்தின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தினால், உட்பக்கம் வளர்ந்து கால் தானாக நேராகும். எலும்பை அறுக்க வேண்டியதில்லை. பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் பையன்களுக்கு 16 வயதிலும் அந்த வாசல் மூடிவிடும். எனக்கு மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் மூடியது சுலபமான வழி மட்டும்தான். அறுத்துத் திருத்தும் வழி 34இலும் திறந்தே இருந்தது. இதை ஒரே வாக்கியத்தில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லாததால் அந்த 15 வருடத்தில் உடற்பயிற்சி, இரவில் கட்டிப் படுக்கும் பட்டை, செருப்புக்குள் வைக்கும் ஆப்பு என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். வளர்ந்து முடிந்த எலும்பைப் பட்டை கட்டி நிமிர்த்த முடியாது என்பது இப்போது தெரிகிறது. பயிற்சியால் தொடைத்தசை பலமானது, வலி கொஞ்சம் குறைந்தது, அதற்கு நன்றி. வளைவு ஒரு டிகிரிகூட நகரவில்லை.

சின்ன வயதில் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தைக்குக் கால் வளைந்துதான் இருக்கும், ஒன்றரை இரண்டு வயதில் நேராகும், மூன்று நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி உள்ளே வரும், ஏழு வயதுக்குள் பெரியவர்களின் கால்போல ஆகிவிடும். ‘தானா சரியாயிடும்’ என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மை. என் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு மூன்று வயதிலும் வளைவு கூடிக்கொண்டே போனது. சீக்கிரம் நடக்க ஆரம்பித்த, கொழுகொழுவென்று இருந்த குழந்தை நான். கீழ்க்கால் எலும்பின் மேல் வளர்ச்சித் தட்டு உட்பக்கத்தில் மட்டும் சரியாக வளராமல் போகும் நோய் ஒன்று இருக்கிறது. 1937இல் அதை விரிவாக எழுதிய வால்டர் பிளவுண்ட் என்ற மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். என்னுடையது அதுதான் என்று தெரியவர 30 வருடத்துக்கு மேல் ஆனது. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்; அவர் மூன்று தடவை தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

எல்லாருக்கும் காரணம் இதுவாக இருக்காது, அதுதான் முக்கியம். சிறுவயதில் எலும்பு முறிந்து கோணலாக ஒட்டியிருக்கலாம். வளர்ச்சித் தட்டில் கிருமி புகுந்திருக்கலாம். வைட்டமின் டி போதாமல் எலும்பு இளகி வளைந்திருக்கலாம். சிலருக்குச் சிறுநீரில் பாஸ்பேட் வீணாகும் பரம்பரைக் கோளாறு இருக்கும். ஆள் குள்ளமாக இருப்பார், சொத்தையே இல்லாத பல்லில் சீழ் வைக்கும், குடும்பத்தில் இன்னும் ஓரிருவருக்குக் கால் வளைந்திருக்கும். அந்தக் கோளாறைக் கவனிக்காமல் எலும்பை மட்டும் திருத்தினால் ஒட்டத் தாமதமாகும், ஒட்டிய பிறகு மறுபடியும் வளையும். என்னை அறுப்பதற்கு முன்னால் அந்த மருத்துவர் கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி எல்லாம் பார்த்தார். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் இரண்டு மாதம் மருந்து கொடுத்துவிட்டுத்தான் தேதி கொடுத்தார். வளைந்த காலோடு வரும் பெரியவர் ஒருவருக்கு இந்த ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுக்க உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

‘வலி தாங்காதபோது வாங்க, மூட்டையே மாத்திடலாம்.’ இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். 60, 65 வயதில் மூட்டு முழுவதும் தேய்ந்தவருக்கு மூட்டு மாற்று அருமையான சிகிச்சைதான். என் சித்தப்பா அதற்குப் பிறகுதான் மாடிப்படி ஏறினார். ஆனால் 29 வயது ஆளிடம் அதைச் சொல்லிக் காத்திருக்க வைப்பது என்ன கணக்கு? லான்செட் இதழில் 2017இல் வந்த பிரிட்டன் ஆய்வின்படி, 50களின் தொடக்கத்தில் முழங்கால் மாற்றிக்கொண்ட ஆண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளுக்குள் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வயது கூடக் கூட அந்த அளவு குறைகிறது. தவிர, என் கோணல் மூட்டுக்குள் இல்லை, அதற்குக் கீழே எலும்பில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே புது மூட்டைப் பொருத்தினால் ஒரு பக்க எலும்பை அதிகமாகச் சீவ வேண்டும், தசைநார்களின் இழுவிசை சமன்படாது. நாளைக்கு எனக்கு மூட்டு மாற்று தேவைப்பட்டாலும், நேரான எலும்பின்மேல் அது உங்களுக்கே எளிதான வேலையாக இருக்கும்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். இங்கேதான் உங்களிடம் அதிகம் கேட்க இருக்கிறது.

எலும்பை அறுத்துத் திருத்துவதில் வழிகள் பல என்பதே நோயாளிக்குத் தெரிவதில்லை. உட்பக்கம் அறுத்து விரித்து, பிளேட் போட்டு ஒரே நாளில் முடிப்பது ஒன்று. வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவில் எலும்பை எடுத்துவிட்டு மூடுவது இன்னொன்று. 1960களிலிருந்தே முழங்கால் தேய்மானத்துக்கு இவற்றைச் செய்துவருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரி வளைவுக்கு இவை கச்சிதம். 24 டிகிரியை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் தோலும் ரத்தக்குழாயும், முழங்காலின் வெளிப்பக்கம் சுற்றிவரும் நரம்பும் திடீரென்று இழுபடும். அந்த நரம்பு நின்றுவிட்டால் பாதத்தைத் தூக்க முடியாது, நடக்கும்போது தொங்கும். அதனால்தான் என் மருத்துவர் மெல்ல மெல்லத் திருத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தார். இந்தக் காரணத்தை எனக்குப் புரியும்படி, ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த மெல்லத் திருத்தும் வழியின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் 1950களின் தொடக்கத்தில் கவ்ரில் இலிசரோவ் என்ற மருத்துவர் வளையங்களையும் மெல்லிய கம்பிகளையும் வைத்து ஒரு கருவி செய்தார். அறுத்த எலும்பை நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாகப் பிரித்து விலக்கினால், நடுவில் புது எலும்பு வளரும் என்று காட்டினார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி ப்ருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, எத்தனையோ அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவரிடம்தான் போய்ச் சேர்ந்தார், மறுபடியும் தாண்டினார். கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி 1980இல் அங்கே போய்க் காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிய பிறகுதான் மேற்கத்திய மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காலில் மாட்டியது அதன் பேரப்பிள்ளை: இரண்டு வளையம், நடுவில் நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆறு தண்டுகள். எந்தத் தண்டை எந்த நாள் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணினி ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கும். திருப்ப வேண்டியது நோயாளி.

அந்தப் பட்டியலோடு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் எதையும் தொடக் கூடாது. எட்டாம் நாள் காலையில் படுக்கையில் உட்கார்ந்து, ஒன்றாம் எண் தண்டின் குமிழைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் இல்லை. வலி மாலையில் வந்தது, கால் முழுவதும் யாரோ முறுக்கிப் பிழிவதுபோல. தினமும் நான்கு வேளை, ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஒரு குறி. பதினோராம் நாள் நான்காம் தண்டைத் தப்பான பக்கம் திருப்பியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பயந்துபோய்ப் போன் செய்தேன். மருத்துவர் திட்டவில்லை. புதுப் படம் எடுத்து, பட்டியலை மாற்றிப்போட்டார். ஒரு மாதத்தில் கால் நேரானது. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் நேராவதை நான் பார்க்கவே இல்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது அண்ணன் மகள்தான், “உன் ஒரு கால் வேற யாரோட கால் மாதிரியோ இருக்கு” என்றாள்.

நேரான பிறகும் அந்தக் கருவி காலிலேயே இருக்கும் என்பதை எனக்குப் போதுமான அழுத்தத்தோடு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மொத்தம் நாலைஞ்சு மாசம்’ என்று சொல்வதற்கும், அந்த ஐந்து மாதம் எப்படி இருக்கும் என்று சொல்வதற்கும் தூரம் அதிகம். முதலில் எக்ஸ்ரேயில் அறுத்த இடத்தில் வெறும் கறுப்பு. நான்காம் வாரம் புகைபோல ஏதோ. அப்புறம் நூல் நூலாக வெள்ளை. அது கெட்டியாகி எலும்பாகும்வரை கம்பிகளோடுதான் வாழ்க்கை. கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் தினமும் உப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். என் காலில் அப்படி 11 இடங்கள். அவற்றில் இரண்டு, மாறி மாறிச் சிவந்து நீர் வடிந்தன. இரண்டு தடவை கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டேன். பக்கவாட்டில் திரும்பிப் படுக்க முடியாது. போர்வை வளையத்தில் மாட்டும். பாதம் கீழ்நோக்கி இறுகாமல் இருக்க ஒரு பட்டை போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். இதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதிக் கஷ்டம். கம்பியோரம் நீர் வடிவது ரொம்பச் சகஜம் என்று தெரியாமல், கால் போய்விட்டது என்று நினைத்து ஒரு இரவு முழுக்க விழித்திருந்தேன்.

அப்புறம் அந்த இரண்டாவது காயம். கீழ்க்காலில் எலும்பு இரண்டு என்பதே, கண் விழித்து வெளிப்பக்கம் இன்னொரு கட்டைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரியும். பெரிய எலும்பை நிமிர்த்த வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் மெல்லிய எலும்பையும் வெட்டித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத சங்கதி. ஒப்புதல் படிவத்திலும் எங்கேயோ இருந்திருக்கும். எனக்கு அது அதிர்ச்சி.

அறுவை முடிந்த முதல் இரண்டு நாள், மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து, “கட்டைவிரலை மேலே தூக்குங்க” என்பார். நடு ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பித் தூக்கச் சொன்னபோது எரிச்சலாக வந்தது. பாதத்தைத் தூக்கும் அந்த நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள், கால் தசை உறைக்குள் அழுத்தம் ஏறினாலும் முதலில் வலியாலும் விரல் அசைவாலும்தான் தெரியும், விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும் என்பதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நானே அலாரம் வைத்துத் தூக்கியிருப்பேன்.

ஒப்புதல் படிவம் என்றதும் ஒன்று. கிருமித் தொற்று, எலும்பு ஒட்டாமல் போவது, ரத்தம் உறைவது, நரம்பு பாதிப்பு, திருத்தம் கூடிப்போவது, குறைந்துபோவது என்று ஒரே வரிசையில் ஒரே எழுத்தளவில் அச்சடித்துக் கையெழுத்து வாங்குகிறீர்கள். அதில் எது அடிக்கடி நடக்கும், எது அபூர்வம், எது வந்தால் மாத்திரையோடு போகும், எது வந்தால் மறுபடியும் மேசைதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் கையில் எத்தனை பேருக்கு எது நடந்தது என்பதையும் சேர்த்து. புகைபிடிப்பவரிடம் எலும்பு ஒட்டும்வரை அதைத் தொடாதே என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார், ‘நிறுத்தாவிட்டால் நான் அறுக்க மாட்டேன்’ என்று. நிறுத்தினேன். (அது கால் நேரானதைவிடப் பெரிய சாதனை என்று வீட்டில் பேச்சு.)

ஒரு கால் நேராகி இன்னொன்று வளைந்திருந்த ஏழு மாதத்தைப் பற்றி எந்தப் படிவத்திலும் இல்லை. வளைவு நிமிர்ந்ததிலும், விரித்த இடத்தில் எலும்பு வளர்ந்ததிலும் வலது கால் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீளமாகிவிட்டது. இடது செருப்புக்கு மட்டும் தடித்த அடி ஒட்டிக்கொண்டு நடந்தேன். அந்த அடியை முதல் நாளே கொடுத்திருந்தால் இடுப்பு வலியோடு மூன்று வாரம் அலைந்திருக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கருவியைக் கழற்றிய அன்று கால் காற்றில் மிதப்பதுபோல இருந்தது. ஆனால் நின்றபோது முட்டி உள்ளே சாய்ந்து விழப்போவதுபோல ஒரு பயம். கண்ணாடியில் நேராக இருக்கிறது, உள்ளே மூளை ‘கோணல், கோணல்’ என்கிறது. 34 வருடம் வளைவையே நேர் என்று பழகிய மூளை. தப்பாக அளவு வைத்துவிட்டார்கள், அதிகமாகத் திருத்திவிட்டார்கள் என்றே நம்பினேன். மறுபடியும் நிற்க வைத்து அந்த நீளப் படம், மறுபடியும் அந்தக் கோடு. முழங்காலின் நடுவிலிருந்து 4 மில்லிமீட்டர் உட்பக்கமாக அழகாக இறங்கியது. அந்தப் பயம் போக மூன்று மாதம் ஆனது. இடது கால் முறை வந்தபோது, “நேரானதும் சாய்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க” என்று நானே பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கவில்லை.

இப்போது என்ன நிலை என்று கேட்டால்: துள்ளல் போய்விட்டது. வலி முழுவதும் போகவில்லை. வலது முழங்காலின் உட்பக்கம் ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததுதான், நீண்ட தூரம் நடந்தால் நினைவூட்டும். 25 வயதில் யாராவது என்னை நிற்க வைத்துப் பார்த்திருந்தால் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசிப்பதுண்டு, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

உங்களிடம் கேட்பது புதுக் கருவி எதுவும் இல்லை. முழங்கால் வலி என்று ஒரு வளைந்த கால் உள்ளே வந்தால், நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால் நடக்க விடுங்கள். படம் எடுக்கும் சீட்டில் ‘நின்ற நிலையில், இடுப்பு முதல் கணுக்கால் வரை, முழங்கால் சில்லு முன்னோக்கி’ என்று எழுதுங்கள். அந்தக் கடைசி மூன்று சொல்லை எழுதாவிட்டால் படம் எடுப்பவர் பாதத்தைத்தான் நேராக்குவார். கோட்டைப் போட்டு நோயாளியிடமே திரையைத் திருப்பிக் காட்டுங்கள். பெரிய வளைவுகளைத் திருத்தும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால், அதில் ஒரு குறையும் இல்லை, பழக்கம் உள்ளவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அந்தச் சீட்டைக் கடைசியில் கொடுத்தது எலும்பு மருத்துவரே இல்லை, தோல் அரிப்புக்காகப் பார்க்கப்போன ஒரு பொது மருத்துவர்.

என் இரண்டு நீளப் படங்களும், முந்தியதும் பிந்தியதும், என்னிடம் இருக்கின்றன. மாணவர்களுக்குக் காட்ட உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால், பெயரை மறைத்துவிட்டுத் தாராளமாகத் தருகிறேன். பாதங்கள் நேராக, தப்பாக எடுத்த அந்த முதல் படத்தையும் சேர்த்தே தருகிறேன்.

இப்படிக்கு,
செருப்பு சமமாகத் தேயும் ஒரு நோயாளி